சங்கத்துக்குப் போய்ட்டு வர்றேன்

சின்ன வயதில் எங்கள் வீட்டில் வாரத்துக்கு ஒருமுறை கேட்கும் வாக்கியம் இது. நெய்து முடித்த பெட்ஷீட்டுகளை மடித்து, பழைய வேட்டியில் மூட்டையாகக் கட்டி, சைக்கிள் கேரியரில் வைத்து டியூப் ரப்பரால் இறுக்கிவிட்டு, அப்பா வாசலில் நின்றபடியே உள்ளே குரல் கொடுப்பார். "சங்கத்துக்குப் போய்ட்டு வந்தர்றேன்." அம்மா பதில் சொல்ல மாட்டார். திரும்பி வரும்போது அப்பாவின் முகத்தைத்தான் பார்ப்பார். கூலி முழுசாக வந்ததா, 'டேமேஜ்' என்று பிடித்துக்கொண்டார்களா, அடுத்த பாவுக்கு நூல் கிடைத்ததா என்பதெல்லாம் அந்த முகத்திலேயே தெரிந்துவிடும்.

இப்போது மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை காலையில் நான் அதையே சொல்கிறேன், மிச்சிகனில், கார் சாவியைத் தேடிக்கொண்டே. வீட்டுக்காரர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல் "வரும்போது பால் வாங்கிட்டு வந்துரு" என்பார். திரும்பி வந்ததும் என் முகத்தை யாரும் ஆராய்வதில்லை. ஆராய ஒன்றுமில்லை. கூலி வாங்கவா போகிறேன்? வருடத்துக்கு நாற்பது டாலர் சந்தா கட்டிவிட்டல்லவா போகிறேன்.

போன மாதம் ஒரு பதிவில் போகிற போக்கில் "எங்கள் நெசவாளர் சங்கம்" என்று எழுதிவிட்டேன். அமெரிக்காவில் கைத்தறிக் கூட்டுறவு சங்கமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அதற்கான பதிலை எழுத உட்கார்ந்தேன், நீண்டுகொண்டே போகிறது. டீ போட்டுக்கொண்டு வாருங்கள்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது சென்னிமலை. ஈரோட்டுப் பக்கத்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்கு: பெட்ஷீட், துண்டு, மலைமேல் முருகன். தறிச் சத்தத்தில்தான் தூங்கினேன், எழுந்தேன், பரீட்சைக்குப் படித்தேன். ராட்டையில் தார் சுற்றியிருக்கிறேன், கை வலிக்க வலிக்க. ஆனால் தறியில் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. "நீ படி, அது போதும்" என்று அப்பா விடவே இல்லை. ஆகவே, பரம்பரை நெசவுக் குடும்பத்துப் பெண்ணான நான் நெசவு கற்றுக்கொண்டது நாற்பத்தோரு வயதில், பனி கொட்டும் ஒரு ஜனவரியில், ஓய்வுபெற்ற ஒரு கணக்கு டீச்சர் வீட்டு நிலவறையில். அவர்தான் என்னைக் 'கில்டு'க்கு அழைத்துப் போனார்.

கில்டு என்பது பழைய ஐரோப்பியச் சொல். ஒரு காலத்தில் அங்கே ஊருக்குள் யார் நெய்யலாம், எத்தனை வருடம் ஒருவரிடம் எடுபிடியாக இருந்து பழக வேண்டும், துணி என்ன அகலம் இருக்க வேண்டும் என்றெல்லாம் விதித்த தொழில் அமைப்புகள் அவை. இன்றைய அமெரிக்கக் கில்டுகளுக்கு அந்த அதிகாரம் எதுவும் கிடையாது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓய்வுபெற்ற டீச்சர்கள், நர்சுகள், ஒன்றிரண்டு இன்ஜினியர்கள், என்னைப்போல் அலுவலகத்திலிருந்து தப்பி வந்தவர்கள் கூடும் இடம். இப்படி ஊர் ஊராக இருக்கும் கில்டுகளுக்கும் தனியாக நெய்கிறவர்களுக்கும் சேர்த்து ஹேண்ட்வீவர்ஸ் கில்ட் ஆஃப் அமெரிக்கா என்று ஒரு தேசிய அமைப்பு 1969இல் தொடங்கியது. 'கன்வர்ஜென்ஸ்' என்ற அவர்களுடைய முதல் மாநாடு 1972இல் டெட்ராய்டில் நடந்தது. எங்கள் சங்கத்துப் பாட்டிகள் அதைச் சொல்லும்போது கல்யாணத்துக்குப் போய்வந்த கதை மாதிரி சொல்வார்கள்.

எங்கள் கூட்டம் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடக்கும். செப்டம்பரிலிருந்து மே வரை, காலை பத்து மணிக்கு. கூட்டம் என்றால் உண்மையிலேயே கூட்டம்: போன மாத நடவடிக்கைக் குறிப்பு, கணக்கு, நூலகத்துக்கு எந்தப் புத்தகம் திரும்பி வரவில்லை என்ற புகார். இருபது நிமிடம் கொட்டாவி. பிறகு, நெய்ததைக் காட்டும் நேரம். இதற்காகத்தான் பாதிப்பேர் வருகிறார்கள் என்பது என் சந்தேகம்.

ஒவ்வொருவராக எழுந்து, தான் நெய்ததைக் காட்டி, என்ன நூல், அங்குலத்துக்கு எத்தனை இழை, எங்கே சொதப்பியது என்று சொல்ல வேண்டும். சொதப்பியதைச் சொல்லாவிட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். பிறகு துணி கைமாறிக் கைமாறி வரிசை முழுக்கப் போகும். முதல் கூட்டத்திலேயே ஒன்றைக் கவனித்தேன். துணி கைக்கு வந்ததும் யாரும் முன்பக்கத்தைப் பார்ப்பதில்லை. புரட்டிப் பின்பக்கத்தைப் பார்க்கிறார்கள், பிறகு கரையில் விரலை ஓட்டுகிறார்கள். ஜவுளிக்கடையில் அப்பா செய்து அம்மாவிடம் திட்டு வாங்குவது இதைத்தான். எட்டாயிரம் மைலுக்கு அப்பால், வெள்ளைக்காரப் பாட்டி ஒருவர் அதையே செய்ததைப் பார்த்ததும் எனக்குத் தொண்டையை என்னவோ செய்தது. அன்றே சந்தா கட்டிவிட்டேன்.

காப்பி இடைவேளைக்குப் பிறகு விருந்தினர் பேச்சு. இதுதான் கூட்டத்தின் மையம். எங்கிருந்தாவது ஒரு நெசவுக் கலைஞரையோ, சாயம் போடுபவரையோ, அருங்காட்சியகத்தில் பழந்துணிகளைப் பார்த்துக்கொள்பவரையோ அழைப்பார்கள். சங்கம் நவம்பரில் நடத்தும் விற்பனையில் ஒதுக்கிய காசிலிருந்து அவருக்குச் சன்மானம் கொடுப்பார்கள். ஓட்டலுக்கெல்லாம் காசு கிடையாது, உறுப்பினர் யாராவது வீட்டில்தான் தங்கல். ஞாயிறு, திங்கள் இரண்டு நாள் பயிற்சி வகுப்பு எடுத்துவிட்டு விருந்தாளி கிளம்புவார். ஒருமுறை எங்கள் வீட்டில் தங்கியவருக்கு இட்லி கொடுத்தேன். சாம்பாரைச் சூப் என்று நினைத்துத் தனியாகக் குடித்து முடித்துவிட்டு, இட்லிக்குத் தேன் இருக்கிறதா என்று கேட்டார். நல்ல மனுஷி.

நான்கு வருடத்தில் முப்பது பேச்சாவது கேட்டிருப்பேன். இப்போது முதல் ஐந்து நிமிடத்திலேயே இது தேறுமா தேறாதா என்று தெரிந்துவிடுகிறது. பெட்டி கொண்டுவந்தவர் தேறுவார். ஸ்லைடு மட்டும் கொண்டுவந்தவர் பெரும்பாலும் தேற மாட்டார். ஒருவர் ஒரு மணி நேரம் தன் 'பயணம்' பற்றிப் பேசினார். கடற்கரையில் நின்றாராம், அலை வந்ததாம், அது அவருக்குள் ஏதோ செய்ததாம். துணி ஒன்றுகூட இல்லை. பின்வரிசையில் இருந்த பாட்டிகள் பையிலிருந்து பின்னல் ஊசிகளை எடுத்துவிட்டார்கள். ஊசிச் சத்தம் கூடக்கூடப் பேச்சாளர் தோற்றுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். கொரோனாவுக்குப் பிறகு ஜூமில் பேசுகிற விருந்தினர்கள் வந்தார்கள். பெரு நாட்டிலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் ஆள் கிடைக்கிறது, வசதிதான். ஆனால் தொட முடியாத துணியைப் பற்றி எவ்வளவு நேரம்தான் கேட்பது?

பெட்டி கொண்டுவந்தவர்களில் எனக்கு மறக்கவே முடியாதவர், பழைய அமெரிக்கக் கம்பளிப் போர்வைகளைப் பற்றிப் பேச வந்த ஓர் அம்மாள். 19ஆம் நூற்றாண்டில் வீட்டுத் தறிகளில் நெய்தவை. நீளவாட்டில் வெள்ளைப் பருத்திப் பாவு, அதன்மேல் குறுக்கே மிதந்து போகிற நீலக் கம்பளி ஊடை. வட்டமும் ரோஜாவும் கட்டமுமாக நீலம் பூத்துக் கிடக்கும். பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் விரித்தார். நடுவில் ஒரு தையல் இருந்தது. தறி அகலம் போதாததால் இரண்டு துண்டாக நெய்து நடுவில் மூட்டுவார்களாம். மூட்டிய இடத்தில் பூவின் பாதியும் பாதியும் சேரவில்லை. முதல் துண்டில் ஊடையை இறுக்கி அடித்தவர், இரண்டாம் துண்டில் அசதியில் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார். "இங்கே பாருங்கள், இவருக்கு இடையில் குழந்தை பிறந்திருக்கும்" என்றார் அந்த அம்மாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் காட்டியதில் இன்னொன்று: வடிவத்தை எழுதிவைத்த காகிதச் சுருள். அரையடி அகலம்கூட இல்லாத நீளத் துண்டு, அதில் வரிசையாகக் கோடுகளும் எண்களும். எந்த இழை எந்த விழுதில் ஏற வேண்டும் என்ற குறிப்பு. கூடவே பொடிப்பொடியாகத் துளைகள். எதுவரை கோத்தோம் என்று அடையாளம் வைக்கக் குண்டூசி குத்திக் குத்தி எடுத்த தடம். ரொட்டி செய்கிற குறிப்பை அம்மா மகளுக்கு எழுதிக் கொடுப்பதுபோல இதையும் கொடுத்திருக்கிறார்கள். இப்படிச் சிதறிக் கிடந்தவற்றைத் தேடிச் சேர்த்தவர்களில் மேரி மீக்ஸ் அட்வாட்டர் முக்கியமானவர். 1928இல் அவர் எழுதிய அமெரிக்கக் கைநெசவுப் புத்தகம் எங்கள் சங்க நூலகத்தில் அட்டை பிய்ந்து கிடக்கிறது. பிய்ந்திருப்பதே அதற்கான மரியாதை. ஒரே வடிவத்துக்கு ஊருக்கு ஒரு பெயர் என்றும் அந்த அம்மாள் சொன்னார். நான் எழுந்து, எங்கள் ஊர்ப்பக்கம் பட்டுப் புடவையில் மயில்கண், ருத்ராட்சம், வைரஊசி என்றெல்லாம் பெயர் உண்டு என்றேன். வைரஊசியை எப்படி மொழிபெயர்த்தேன் என்று கேட்காதீர்கள்.

இன்னொரு மாதம், டெட்ராய்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கிரான்புரூக் கலைப்பள்ளியைப் பற்றி ஒருவர் பேசினார். 1928இல் லோயா சாரினன் அங்கே ஒரு நெசவுக்கூடம் தொடங்கினார். கணவர் எலியல் சாரினன் கட்டடங்களை வடிவமைத்தார், அவற்றுக்கான திரையும் விரிப்பும் லோயாவின் கூடத்தில் உருவாயின. கிங்ஸ்வுட் பெண்கள் பள்ளிக்காக 1932இல் நெய்த ஒரு பிரம்மாண்டமான சுவர்த்துணியின் படத்தைத் திரையில் போட்டார். கணவனும் மனைவியுமாக வடிவமைத்தது. நான் கையைத் தூக்கினேன். "நெய்தது யார்?" எனக்கே கொஞ்சம் கடுப்பாகக் கேட்டுவிட்ட மாதிரி இருந்தது. அவர் அசரவில்லை. பெரும்பாலும் ஸ்வீடனிலிருந்து வந்த பெண்கள்தான் அந்தக் கூடத்தில் தறியில் உட்கார்ந்தவர்கள் என்றார். அடுத்த ஸ்லைடே அவர்களைப் பற்றியதுதான். லிலியன் ஹோம் என்ற ஒருவர் தன் சொந்த வடிவங்களையும் நெய்தவர், அந்தக் கிங்ஸ்வுட் பள்ளியிலேயே பல வருடம் நெசவு கற்றுக்கொடுத்தவர். பெயரைக் குறித்துக்கொண்டேன். ஒரு கூடத்து நெசவாளியின் பெயர் ஸ்லைடில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சரி, என்னைத் தூங்கவிடாமல் செய்த பேச்சுக்கு வருகிறேன்.

சாவோரி என்ற ஜப்பானிய நெசவு முறையைக் கற்றுக்கொடுக்கும் ஒருவர் வந்திருந்தார். மிசாவோ ஜோ என்ற பெண்மணி அறுபது வயதை நெருங்கும்போது நெய்யத் தொடங்கினார். கிமோனோவுக்கான இடைப்பட்டை ஒன்றை நெய்தபோது பாவில் ஒரு இழை விட்டுப்போயிருந்தது. துணி நெடுக மெல்லிய கோடாக அது தெரிந்தது. கடைக்காரரிடம் காட்டினால் குறைப்பட்ட துணி என்றார். அவருக்கோ அந்தக் கோடு பிடித்துப்போயிற்று. வேண்டுமென்றே இழைகளை விட்டு நெய்து பார்த்தார். அதிலிருந்து பிறந்ததுதான் சாவோரி: விதி இல்லை, மாதிரி இல்லை, தவறு என்று ஒன்று இல்லை. அவர் நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தார். இன்று உலகமெங்கும் அவர் வழியில் நெய்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் பலருக்குத் தறியை அறிமுகப்படுத்தியது இந்த முறைதான் என்றார் பேச்சாளர்.

அரங்கமே உருகிப்போயிற்று. எனக்கும் பிடித்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் மனதுக்குள் ஒரு பழைய சனிக்கிழமை ஓடிக்கொண்டிருந்தது. அப்பா சங்கத்திலிருந்து வருகிறார். மூட்டையில் ஒரு பெட்ஷீட் திரும்பி வந்திருக்கிறது. பாவில் ஒரு இழை அறுந்ததைக் கவனிக்காமல் முக்கால் முழம் ஓட்டிவிட்டார். அதே கோடு. அம்மா அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்தார். நாங்கள் அதில்தான் நாலைந்து வருடம் படுத்தோம். ராத்திரி தூக்கம் வராதபோது அந்தக் கோட்டில் விரலை ஓட்டிக்கொண்டு கிடப்பேன்.

கேள்வி நேரத்தில் எழுந்து, "இந்தத் துணிக்கு எப்படி விலை வைக்கிறீர்கள்?" என்று கேட்டேன். பேச்சாளர் ஒரு நொடி யோசித்து, "ரொம்ப நல்ல கேள்வி" என்றார். அமெரிக்காவில் இப்படிச் சொன்னால் பதில் கிடையாது என்று பொருள்.

இதில் கூத்து என்னவென்றால், அடுத்த மாதமே ஒரு தாத்தா தன் இளமைக்கால மெட்ராஸ் கட்டம்போட்ட சட்டையைக் காட்டக் கொண்டுவந்தார். 1960களில் அமெரிக்கக் கல்லூரிப் பையன்களிடம் அது பெரிய மோகம். தாவரச் சாயம், துவைக்கத் துவைக்கக் கசியும், கட்டங்கள் ஒன்றோடொன்று கலங்கும். கசிந்த சாயத்தைக் குறை என்று சொல்லாமல், 'நிச்சயம் கசியும்' என்று உத்தரவாதம் கொடுத்தே விளம்பரம் செய்து விற்றார்கள். மெட்ராஸ்காரி என்ற நினைப்பில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் தெருவில் சாயம் போனால் என்ன நடக்கும் என்று நான் சொல்லவில்லை. காலையிலேயே எதற்கு?

போன வருடம் ஏப்ரல் கடைசியில் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். மே மாதக் கூட்டத்துக்கு இருவரையும் கூட்டிப்போனேன். அது வருடத்தின் கடைசிக் கூட்டம், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவர வேண்டும். அம்மா தக்காளி சாதம் கிளறினார். "காரம் கொறச்சலாப் போடுங்ம்மா" என்று நான் சொன்னதையும் மீறித்தான்.

அன்றைய விருந்தினர், கைத்துண்டு நெய்து விற்றே பிழைக்கிற ஒரு பெண். இது இங்கே அபூர்வம். தறியில் நேரத்தை எப்படி மிச்சம் பிடிப்பது என்பதே பேச்சு. ஒரு சிறிய மேப்பிள் மரத்தறியையும் கொண்டுவந்திருந்தார். அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். மிதிகளை அழுத்திப் பார்த்தார். "நாடா இழுக்கிற கயித்தைக் காணமே அம்மிணி?" என்றார். இங்கே பெரும்பாலும் ஊடை நூல் சுமக்கும் நாடாவைக் கையால்தான் எறிவார்கள், கயிறு கட்டுவது குறைவு என்றேன். "அப்பப் பொழுதுக்கும் ஒரு பீஸ்கூட எறங்காதே!" அவசரம் இல்லைங்ப்பா என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. நூல் உருளையைத் தூக்கி, "என்ன நம்பர்?" என்றார். 8/2 என்று அட்டையில் போட்டிருந்தது. நம் ஊரில் 2/20 என்றால் இருபதாம் நம்பர் நூல், இரண்டு புரி. இவர்கள் நம்பரை முன்னால் எழுதிப் புரியைப் பின்னால் எழுதுவார்கள். 840 கஜம் ஒரு சிட்டம், ஒரு பவுண்டுக்கு எத்தனை சிட்டமோ அதுதான் நம்பர் என்ற கணக்கு மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்றே. இரண்டு விரலுக்கிடையில் நூலை உருட்டிப் பார்த்துவிட்டு "எட்டாம் நம்பர்னா கயிறு" என்று தீர்ப்புச் சொன்னார்.

அப்பா நாற்பத்தாறு வருடம் நெய்தவர் என்று கேள்விப்பட்டதும் தலைவி அவரை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். அப்பா எழுந்து எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். கைத்தட்டல். நான் மொழிபெயர்ப்பாளர்.

"உங்களுக்கு மிகவும் பிடித்த டிசைன் எது?" இது முதல் கேள்வி.

அப்பா என்னைப் பார்த்தார். "சங்கத்துல என்ன குடுக்கறாங்களோ அது."

அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

"நெய்யும்போது மனதில் என்ன ஓடும்?"

"இழை அந்துறக் கூடாதுன்னு ஓடும்."

இப்போது சிரிப்பு. அப்பாவுக்குத் தைரியம் வந்துவிட்டது. பின்னாலிருந்து ஒரு தாத்தா, அந்த மெட்ராஸ் சட்டைக்காரரேதான், "முழங்கால் எப்படி?" என்று கேட்டார். அவ்வளவுதான். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு மிதிப்பதில் எந்த மூட்டு முதலில் போகும், மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் எப்படி இருக்கும், என்ன தைலம், எல்லாம் பத்து நிமிடம் போயிற்று. தாத்தா எழுந்துவந்து தன் வலது முழங்காலைத் தட்டிக் காட்டினார், உள்ளே உலோகம். அப்பா அதைத் தொட்டுப் பார்த்தார். நாற்பத்தாறு வருடம் உறுப்பினராக இருந்த சங்கத்தில் அப்பாவை யாரும் நிற்கவைத்து ஒரு கேள்வி கேட்டதில்லை. அங்கே அவர் கையெழுத்துப் போடுவார், நூல் வாங்குவார், வருவார்.

இதெல்லாம் நடக்கும்போது அம்மா எங்கே என்று தேடினால், தறிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். முடிந்துபோன பாவின் நுனிகளோடு புதுப் பாவை இணைக்கும் வேலையைக் காட்டுவதற்காகப் பேச்சாளர் பாதியில் விட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு இழையாக எடுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே போக வேண்டும். நூற்றுக்கணக்கில் இழைகள்.

"இத்தனைக்கும் முடிச்சா போடுவாங்க?" என்றார் அம்மா.

எங்கள் ஊரில் இதற்கு அச்சு பிணைக்கிறது என்று பெயர். எங்கள் தெருவில் அது பெண்கள் வேலை. அம்மா அடுத்தவர் வீட்டுத் தறிகளுக்கும் பிணைத்துக் கொடுத்துக் காசு வாங்கியவர். "செஞ்சு காட்டுங்ம்மா" என்றேன். "சாம்பல் வேணுமே" என்றார். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாம்பலுக்கு எங்கே போவது? யாரோ சமையலறையிலிருந்து மைதா மாவைக் கொண்டுவந்தார்கள். அம்மா அதைத் தொட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டு, தன் கைப்பையைத் திறந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். சென்னிமலை முருகன் விபூதி. பிரித்துவிட்டுத் தயங்கினார்.

"ஏனுங்க, இதுல தொடலாங்களா?"

அப்பா தாத்தாவின் முழங்காலை விட்டுத் திரும்பி, "மொதல்ல நெத்தியில வெச்சுக்க, அப்பறம் தொடு. கோவிச்சுக்க மாட்டாரு" என்றார்.

வைத்துக்கொண்டார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விரல் நுனியில் விபூதி. பழைய இழையின் நுனியையும் புது இழையின் நுனியையும் சேர்த்துப் பிடித்து, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு உருட்டு. மடக்கி இழையின்மேலேயே படுக்கவைத்து இன்னொரு உருட்டு. விட்டுவிட்டு அடுத்தது. முடிச்சு கிடையாது, மேடு கிடையாது. எண்ணி முடிப்பதற்குள் நாலு இழை. பாட்டிகள் மூச்சுவிடாமல் நின்றார்கள். ஒருவர் செல்போனில் படம் பிடித்தார். பேச்சாளர் பெண் மண்டியிட்டு, அம்மாவின் விரலுக்கு அரையடி தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு இருபத்தைந்து இழை ஆனதும் அம்மா நிமிர்ந்து, "போதுமா?" என்றார். பெரிய கைத்தட்டல். அம்மா என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். "இதுக்கா தட்றாங்க?"

கதையை இங்கேயே நிறுத்தினால் அழகாக இருக்கும், ஆனால் நடந்ததைச் சொல்கிறேன். பேச்சாளர் பாவை மெல்ல இழுத்தபோது, விழுதுக் கண்களைத் தாண்டுகையில் நாலைந்து இழைகள் கழன்றுவிட்டன. அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "கஞ்சி போடாத நூலு. இதுல எப்படிப் புடிக்கும்?" நியாயம்தான். நம் ஊரில் பாவுக்குக் கஞ்சி போட்டு விறைப்பாக்கித்தான் தறிக்கே வரும். இங்கே கஞ்சியில்லாத வழவழ நூல், அதுவும் கயிறு தடிமனில். பேச்சாளர் கழன்றதை ஒவ்வொன்றாக எடுத்துச் சத்தமில்லாமல் முடிச்சுப் போட்டார். அந்த நாகரிகத்துக்காகவே அவரிடம் ஒரு துண்டு வாங்கினேன்.

காரில் திரும்பும்போது அப்பா வெகுநேரம் பேசவில்லை. நெடுஞ்சாலையில் ஏறியதும் கேட்டார்.

"பேச வந்த அந்தப் புள்ளைக்கு எவ்வளவு குடுத்தாங்க?"

"முந்நூறு டாலருங்ப்பா."

ரூபாயில் பெருக்குகிறார் என்று தெரிந்தது. அப்புறம் அதைப் பெட்ஷீட் கூலியால் வகுக்கிறார் என்றும் தெரிந்தது. இரண்டு எக்ஸிட் தாண்டியது.

"நாமளும்தான் பேசுனோம்" என்றார்.

பின் இருக்கையிலிருந்து அம்மா, "அதுக்குத்தான் காப்பி குடுத்தாங்கல்ல" என்றார்.

ஜூலையில் இருவரும் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். செப்டம்பரில் சங்கம் மறுபடி கூடியது. நெய்ததைக் காட்டும் நேரம் வந்தபோது, எனக்கு நெசவு கற்றுக்கொடுத்த கணக்கு டீச்சர் எழுந்தார். கையில் துணி இல்லை, ஒரு ஜாம் பாட்டில். அதில் முக்கால் அளவுக்குச் சாம்பல், மாவு மாதிரி சலித்தது. கோடை முழுக்கக் கணப்பில் விறகு எரித்துச் சேர்த்தாராம். நூலுக்குக் கஞ்சியும் காய்ச்சிப் பார்த்தாராம். நூற்றுக்கு எண்பது இழை நிற்கிறது, இருபது கழன்றுவிடுகிறது, உன் அம்மாவிடம் கேட்டுச் சொல் என்றார்.

ஊரில் அப்போது இரவு எட்டரை மணி இருக்கும். அங்கேயே ஸ்பீக்கரில் போட்டு வீட்டுக்குக் கூப்பிட்டேன். அப்பாதான் எடுத்தார். விஷயத்தைச் சொன்னதும், "இரு, சீரியல் பாக்கறா" என்று போனைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, டிவி சத்தத்துக்கு மேல் கத்தினார்:

"விரல்ல எண்ணெய்ப் பசை இருக்குதான்னு கேளு. கையில க்ரீம் ஏதாச்சும் தடவியிருப்பாங்க."

மொழிபெயர்த்தேன். கணக்கு டீச்சர் தன் விரல்களைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.